ஒரே ஆண்டு, மூன்று கார்வெட்: எதற்குக் காசு கொடுப்பது?

நண்பர் ஒருவர் 1967 கார்வெட் கன்வர்ட்டிபிள், அதாவது செவ்ரோலேயின் அந்தக் கூரை மடக்கும் ஸ்போர்ட்ஸ் காரை, வாங்கியே தீருவது என்று இறங்கிவிட்டார். அமெரிக்காவில் மிசௌரி, இல்லினாய் பக்கம் மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்துவிட்டு, "வந்து ஒரு கண் பாத்துச் சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டார். மூன்றும் ஒரே ஆண்டு, மூன்றும் செயின்ட் லூயிஸ் ஆலையில் கட்டியவை, விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதலாவது மரீனா ப்ளூ நிறம். 427 கன அங்குல இன்ஜின், 435 எச்பி, சேஸ் வரைக்கும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டியது, விளம்பரத்திலேயே "நம்பர் மேட்சிங்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது சிவப்பு. அதிலும் 427 தான், ஆனால் வண்டியோடு பிறந்த இன்ஜின் இல்லை என்று விற்பவரே சொல்லிவிடுகிறார். மூன்றாவது மார்ல்பரோ மெரூன், சாதாரண 327 இன்ஜின், 300 எச்பி. பெயின்ட் மங்கி அங்கங்கே வெடித்திருக்கிறது, டிரைவர் சீட்டில் தையல் விட்டிருக்கிறது, ஆனால் ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி, யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை. இதற்குக் கேட்கும் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீல வண்டிக்குக் கேட்கிறார்கள். சிவப்பு, மெரூனைவிடக் கொஞ்சம் மேலே.

நண்பருக்கு மனசு முழுக்க நீலத்தில். தப்பு சொல்ல முடியாது, வெயிலில் நிறுத்தினால் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் மூன்றில் மோசமான பேரம் அதுதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் இன்ஜினில் இருக்கிற சின்னத் துண்டு இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசியாக வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். 1967 கார்வெட்டின் வின் நம்பர், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் ஆலை கொடுக்கும் அடையாள எண், இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. 194677எஸ் என்று தொடங்கினால், முதல் 1 செவ்ரோலே, 94 கார்வெட், 67 கன்வர்ட்டிபிள், அடுத்த 7 ஆண்டு, எஸ் என்றால் செயின்ட் லூயிஸ். அப்புறம் வரிசை எண், 100001-இல் தொடங்கி 122940 வரை, ஏனென்றால் அந்த ஆண்டு கட்டியது மொத்தம் 22,940 வண்டி. அவ்வளவுதான். இன்ஜினைக் காட்டும் குறியீடு வின் நம்பருக்குள் வந்தது 1972 மாடலில்தான். க்ளவ் பாக்ஸுக்குக் கீழே வின் தகட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தகடு இருக்கும்: அதில் பெயின்ட் குறியீடு, உள் அலங்காரக் குறியீடு, பாடி கட்டிய தேதி. அதிலும் இன்ஜின் கிடையாது. ஆக, ஆலையை விட்டு வெளியே வந்தபோது உள்ளே என்ன இன்ஜின் இருந்தது என்று வண்டியின் பிறப்புப் பத்திரம் சொல்லவே சொல்லாது. இந்த ஓட்டைக்குள்தான் ஏமாற்று வேலை எல்லாம் நுழைகிறது.

நுழைய ஆசையும் பலமாகவே இருக்கிறது. அன்றைக்கு 1967 கன்வர்ட்டிபிளின் அடிப்படை விலை 4,240 டாலர் 75 சென்ட். எல் 71 எனப்படும் 435 எச்பி இன்ஜினுக்குக் கூடுதலாக 437 டாலர் சொச்சம். அப்படிப் போனவை 3,754 வண்டிகள். அதற்கும் மேலே எல் 88 என்று ஒன்று இருந்தது, பந்தயத்துக்காகவே செய்தது, அதற்குக் கூடுதல் விலை 947 டாலர் 90 சென்ட். (காகிதத்தில் அதற்கு 430 எச்பி என்றுதான் போட்டார்கள், எல் 71-ஐவிட 5 குறைவாக, தெருவில் ஓட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் வராமலிருக்க. ஹீட்டர்கூடக் கிடையாது.) 1967-இல் எல் 88 போனது 20 வண்டிதான். அதில் ஒரு சிவப்பு கூப்பே (கூரை மூடிய வண்டி) 2014 ஜனவரியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் 38.5 லட்சம் டாலருக்குப் போனது. ஒரே ஆலை, ஒரே பாடி, உள்ளே இருக்கும் இரும்பு மட்டும் வேறு. இவ்வளவு பணம் ஒரு இரும்புக் கட்டியில் தொங்கும்போது நாலு பேர் உளி எடுக்காமல் இருப்பார்களா?

சரி, அந்த இடத்துக்கு வருவோம். பானெட்டைத் திறந்தால் பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இன்ஜினின் உடலான பிளாக்கிலிருந்து ஒரு சின்னத் தளம் எட்டிப்பார்க்கும். இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அதில் இரண்டு எண் வரிசை அடித்திருக்கும். ஒன்று இன்ஜின் கட்டிய இடத்தில் அடித்தது. உதாரணமாக டி (T) 0415 ஜேஇ என்றால், டி நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலை, 0415 ஏப்ரல் 15, ஜேஇ என்பது நான்கு கியர் போட்ட 435 எச்பி எல் 71. இன்னொன்று செயின்ட் லூயிஸில் இன்ஜினை வண்டியில் ஏற்றும்போது அடித்தது: ஆண்டுக்கு ஒரு 7, அதன்பின் வண்டியின் வரிசை எண் ஆறு இலக்கம். இந்த இரண்டாவது எண்ணும் வின் தகட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால் அதைத்தான் நம்பர் மேட்சிங் என்கிறார்கள்.

கவனியுங்கள், இரண்டும் இரண்டு ஊரில், இரண்டு ஆள், இரண்டு அச்சில் அடித்தவை. அதனால் எழுத்தின் ஆழமும் சாய்வும் வேறு வேறாக இருப்பதுதான் இயல்பு. ஒன்று ஆழமாக, ஒன்று லேசாக, ஒன்று கோணலாக. நீல வண்டியில் இரண்டு வரிசையும் பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட நோட்டில் எழுதினதுபோல ஒரே ஆழத்தில் ஒரே நேராக நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதுதான் உறுத்துகிறது.

அதைவிட முக்கியம் எழுத்துக்கு அடியில் இருக்கிற தளம். ஆலையில் அந்த மேற்பரப்பைச் சீவிய கருவி, பிளாக்கின் நீளவாக்கில் மெல்லிய இணைகோடுகளை விட்டுப்போயிருக்கும், மயிரிழை மாதிரி. ப்ரோச் மார்க் என்பார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பார்த்தால் தெரியும். எண் அந்தக் கோடுகளின்மேல் அடித்திருக்க வேண்டும். கோடே இல்லாமல் மழமழவென்று இருந்தாலோ, வட்டவட்டமாகவோ குறுக்காகவோ கீறல் இருந்தாலோ, பின்னால் யாரோ அந்தத் தளத்தைச் சீவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சீவியது எல்லாம் திருட்டு என்றும் சொல்லிவிட முடியாது. பழைய இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும்போது பட்டறையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சமன் செய்வார்கள், அதோடு எண்ணும் போய்விடும். அப்படிப் போன வண்டி நேர்மையான வண்டிதான். போன எண்ணைப் பிறகு யாரோ "திரும்ப" அடித்து வைத்தால் அங்கேதான் வில்லங்கம். அதே பிளாக்கில் அதே எண்ணை அடித்தாலும், இனி அதை நிரூபிக்க யாராலும் முடியாது.

நானே இதில் சூடு பட்டவன். சில வருஷம் முன்னால் ஒரு 1966 வண்டிக்கு ஆசைப்பட்டு, கேரேஜில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்து, எல்லாம் பொருந்துகிறது என்று சந்தோஷமாக அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்தேன். ராத்திரி போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தளம் முழுக்க சாண்ட் பேப்பர் கீறல், அதுவும் குறுக்குவாக்கில். ஒரு எண்ணின் ஓரத்தில் பழைய எண்ணின் நிழல் வேறு. அட்வான்ஸ் போனது போனதுதான். அதிலிருந்து, முதலில் படம், பிறகு பேச்சு, கடைசியில்தான் பணம்.

தேதிகளையும் அடுக்கிப் பார்க்க வேண்டும். பிளாக்கை வார்த்த தேதி அதிலேயே புடைப்பாக இருக்கும், மாதத்துக்கு ஓர் எழுத்து, அப்புறம் நாள், கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம். டி (D, நான்காவது எழுத்து) 10 7 என்றால் 1967 ஏப்ரல் 10. வார்ப்பு முதலில், இன்ஜின் கட்டியது அடுத்து, வண்டியில் ஏற்றியது கடைசியில், இந்த வரிசை மாறவே முடியாது. ஏப்ரலில் முடிந்த வண்டிக்குள் மே மாதம் வார்த்த பிளாக் இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். நீல வண்டியில் தேதிகள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் ஏமாற்றத் தெரிந்தவன் தேதி பொருந்துகிற பிளாக்காகத் தேடித்தான் வாங்குவான், அதனால் இது பொய்யைப் பிடிக்கும், உண்மையை நிரூபிக்காது.

அப்படியானால் எது நிரூபிக்கும்? காகிதம். 1967-இல் ஆர்டர் விவரம் அச்சடித்த தாளைப் பெட்ரோல் டேங்கின் தலைமேல் ஒட்டி அனுப்பினார்கள். என்ன இன்ஜின், என்ன கியர்பாக்ஸ், என்ன நிறம் எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டிய சின்ன உலோகத் தகடு, ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட், அதிலும் இன்ஜின் குறியீடு உண்டு. இரண்டுக்கும் நகல் அச்சடித்து விற்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது, எண்ணெய்க் கறையும் எலி கடித்ததும் இல்லாத தாளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நீல வண்டிக்காரரிடம் இரண்டும் இல்லை. டேங்கை மாற்றிவிட்டார்களாம். "ஆனா அவார்ட் இருக்குங்களே" என்றார் நண்பர். இருக்கிறது, என்சிஆர்எஸ் என்கிற கார்வெட் மறுசீரமைப்போர் சங்கத்தின் டாப் ஃப்ளைட், 94 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பெண் எடுத்தால் கொடுப்பது. பெரிய விஷயம்தான், நட்டு போல்ட்டின் பூச்சு வரை பார்ப்பார்கள். ஆனால் அது ஆலையிலிருந்து வந்தபடி வண்டி தோன்றுகிறதா என்பதற்கான மதிப்பெண். இந்த இன்ஜின் இந்த வண்டியில்தான் பிறந்தது என்று யாரும் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

சிவப்பு வண்டி வேறு ரகம். இன்ஜின் மாறியது என்று ஒத்துக்கொள்கிறார்கள், அதுவே பாதி நிம்மதி. 435 எச்பி வண்டிகளில் இப்படி ஆனது ஆச்சரியமே இல்லை. வாங்கியவர்கள் சிக்னலுக்கு சிக்னல் பந்தயம் விட்டார்கள், கியர் தவறிப்போட்டு இன்ஜினை உடைத்தார்கள், உடைந்ததை எறிந்துவிட்டுக் கிடைத்ததை மாட்டினார்கள். அன்றைக்கு அது பழைய கார், அவ்வளவுதான். ஆனால் விற்பவர் கூடவே ஒன்று சொன்னார்: "இன்ஜின்தான் வேற, வண்டி பிறவியிலேயே 427 வண்டி." அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் மெரூனைவிட அதிக விலை. உள்ளே உட்கார்ந்து, இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டாக்கோமீட்டரைப் பார்த்தேன். சிவப்புக் கோடு 5300-இல் தொடங்குகிறது. 435 எச்பி வண்டிக்கு அது 6500-இல் இருக்க வேண்டும். 5300 என்பது 300 எச்பி வண்டியின் மீட்டர். மீட்டரை யாராவது மாற்றியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கீழே குனிந்து பார்த்தால், பெரிய இன்ஜின் வண்டிகளுக்குப் பின்னால் வரும் ஸ்டெபிலைசர் பாரும் இல்லை. பெயின்ட் குறியீடு 983, அதாவது குட்வுட் க்ரீன். பச்சையாகப் பிறந்து, சின்ன இன்ஜினோடு வளர்ந்து, நடுவில் சிவப்பும் பெரிய இன்ஜினும் ஏறிய வண்டி என்றே நினைக்கிறேன். அதனால் அது கெட்ட வண்டி ஆகிவிடாது. விலைதான் கெட்ட விலை.

இந்த இடத்தில் நம்பர் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் மறந்துபோகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்வெட்டின் பாடி ஃபைபர் கிளாஸ், துருப் பிடிக்காது என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். அந்த ஃபைபருக்குள்ளே கண்ணாடியையும் கதவையும் தாங்கும் இரும்புக் கூண்டு ஒன்று இருக்கிறது, பேர்ட் கேஜ் என்று பெயர், அது நன்றாகவே துருப்பிடிக்கும். மிட்வெஸ்ட்டில், அதாவது இந்த மிசௌரி, இல்லினாய் பக்கத்தில், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பைத் தின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். சேஸில் பின் சக்கரத்துக்கு முன்னால் மேலே வளையும் இடமும் அப்படித்தான். கூண்டு போய்விட்டால் பாடியைத் தூக்காமல் வேலை ஆகாது, அந்தச் செலவில் ஒரு இன்ஜினே வாங்கிவிடலாம். கால் வைக்கும் இடத்தில் ஓரத்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று வண்டியில் சிவப்பில்தான் அடியில் கொஞ்சம் பொரிந்திருந்தது, நீலத்தில் புதுப் பெயின்ட் எல்லாவற்றையும் மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை, மெரூனில் மேலோட்டமான துரு, சுரண்டினால் இரும்பு கெட்டியாக இருக்கிறது.

மெரூனுக்கு வருகிறேன். பானெட்டுக்குள் எண் தளத்தில் ப்ரோச் கோடுகள் அப்படியே இருக்கின்றன. வி என்று தொடங்கி எச்இ என்று முடிகிறது: ஃபிளிண்ட் ஆலை, கையால் கியர் மாற்றும் 300 எச்பி. வின் எண்ணின் கடைசி 7 பாதிதான் விழுந்திருக்கிறது, அச்சைச் சாய்வாகப் பிடித்து அடித்திருக்கிறார் அந்த மனுஷன். இந்த அலட்சியத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பே சிலிர்த்தது. பெயின்ட் குறியீடு 988, மெரூன், கதவு இடுக்கிலும் அதே மெரூன். ஆலையில் அடித்த லாக்கர் பெயின்ட் நாள்பட நுண்ணிய வெடிப்பு விடும். இன்றைக்கு அடிக்கும் க்ளியர் கோட் பெயின்ட் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல ஆழமாக மினுங்கும். நீல வண்டியின் பளபளப்பு அந்த ரகம், 1967-இல் எந்தக் கார்வெட்டும் அப்படி மினுங்கியதில்லை. பெண்டர் அடியில் கையை விட்டால் மெரூனில் தகடுகளின் இணைப்புப் பட்டைகள் ஆலையில் ஒட்டிய இடத்தில் இருக்கின்றன, கையால் நார் போட்டுப் பூசிய சொரசொரப்பு எங்கும் இல்லை. அதாவது பெரிதாக இடிபடாத வண்டி. ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட் க்ளவ் பாக்ஸிலேயே கிடக்கிறது.

"ஆனா பாக்க சுமாரா இருக்கே, பெயின்ட் அடிச்சிட்டா போச்சு" என்றார் நண்பர். அங்கேதான் நான் கொஞ்சம் கத்திவிட்டேன். 1963 கூப்பேயை எடுத்துக்கொள்ளுங்கள், பின் கண்ணாடியை நடுவில் ஒரு தண்டு பிரிக்குமே, அந்த ஒரே ஆண்டுதான் அப்படி வந்தது. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலுக்கு அந்தத் தண்டு பிடித்திருந்தது, பொறியாளர் ஸோரா ஆர்க்கஸ்-டண்டோவுக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை என்று பிடிக்கவில்லை, 1964-இல் எடுத்துவிட்டார்கள். உடனே பழைய வண்டிக்காரர்கள் சிலர் தங்கள் வண்டியில் அந்தத் தண்டை அறுத்துவிட்டு ஒற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள், புது மாடல் மாதிரி இருக்கட்டுமே என்று. இன்றைக்கு அந்தத் தண்டுக்காகத்தான் அந்தக் கூப்பேக்கு அவ்வளவு விலை, அறுத்ததைக் காசு கொடுத்து ஒட்ட வைக்கிறார்கள், ஒட்டினாலும் அறுத்த வண்டி அறுத்த வண்டிதான். பெயின்ட்டும் அப்படியே. எப்போது வேண்டுமானாலும் புதுசு அடிக்கலாம், பழசைத் திரும்ப அடிக்க முடியாது.

இதற்காக மெரூனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லவில்லை. 1965-இலிருந்து கார்வெட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், அதில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர்கள் சும்மா நின்றாலே உள்ளே அரித்து ஒழுக ஆரம்பிக்கும். உள்ளே ஸ்டெயின்லெஸ் உறை போட்டுக்கொள்ளலாம், வெளியே தெரியாது, உயிருக்கும் நல்லது. டயர், ஹோஸ், பெல்ட் எல்லாம் மாற்றட்டும், கழற்றியதை மட்டும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். சீட் தையலைத் தைக்கலாம், சீட் உறையையே மாற்றக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு எல்லாம் சரிப்படாது, மழையிலும் வெயிலிலும் எடுத்துப்போய் ஆசை தீர மிதிக்க வேண்டும், வேண்டியபோது வேண்டியதை மாற்ற வேண்டும் என்றால் சிவப்புதான் சரியான வண்டி. அதில் கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதே பெரிய சுதந்திரம். மெரூன் விலைக்கும் கீழே, அடித்துப் பேசி, "பிறவியிலேயே 427" என்ற கதைக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்காமல் கிடைத்தால்.

நீல வண்டிக்கு என் கணக்கு இதுதான்: இன்ஜின் மாறிய, ஆனால் அருமையாக வேலை பார்த்த 427 என்ற விலை. கேட்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கொடுக்க மாட்டார் என்று தெரியும். முழு விலைதான் வேண்டுமென்றால், இது வண்டியோடு பிறந்த இன்ஜின், இல்லையென்று தெரிந்தால் பணம் திரும்ப வரும் என்று விற்பனைப் பத்திரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள் என்றேன். நண்பர் போனில் கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "இருக்கிறபடிதான் விற்பேன்" என்று பதில். நண்பர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

மெரூனில் டேங்கை யாரும் இதுவரை இறக்கியதில்லையாம். ஸ்பேர் டயர் கேரியரைக் கழற்றி, டேங்கைக் கொஞ்சம் இறக்கி மேலே அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்க்க வண்டிக்காரம்மா சம்மதித்துவிட்டார், ஒரே ஒரு நிபந்தனை, திரும்ப ஒழுங்காக மாட்டிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை போகிறோம். ஜாக்கி நான் எடுத்துவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், பழைய பெட்ரோல் வாடைக்கு மாஸ்க் நண்பர் பொறுப்பு.